உடம்பெல்லாம் வலி: எந்த வலி எதைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

திருச்சியில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தடிமனான ஃபைலோடு வருவார்கள். முதுகு எக்ஸ்ரே, முட்டி எம்ஆர்ஐ, வேறு வேறு லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள். ஒரு சீட்டில் ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி) என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் ஏஎன்ஏ (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே குறிவைக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்பதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். மூன்றாவதில் மூட்டுத் தளர்வு என்று இருக்கும். "மேடம், இதுல எனக்கு எதுதான் இருக்கு?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்லுவேன். "என் வலிகளில் எது எதைச் சேர்ந்தது?" என்று கேளுங்கள். ஏனென்றால் ஒரே உடம்பில் இரண்டு நோய் சேர்ந்து இருப்பது அபூர்வம் இல்லை. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், ஆர்ஏ) உள்ளவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கிறது. 2016-இல் திருத்திய ஃபைப்ரோமயால்ஜியா வரையறையே, வேறு நோய் இருந்தாலும் இதுவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே ஒரு பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. கிடைத்த பெயரின் மேல் எல்லா வலியையும் ஏற்றவும் கூடாது.

நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. அவர் முன்னால் உட்காரும் பத்து நிமிடத்தில் குழப்பமில்லாமல் சொல்ல நீங்கள் என்ன கவனித்து வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று கூட்டங்கள்

இணைப்புத் திசு நோய் என்ற ஒரே பெயருக்குக் கீழே இரண்டு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பிறவியிலேயே வருவது: எலர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் போன்றவை. தசைநார், தோல், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன் போன்ற புரதங்களின் கட்டமைப்பிலேயே குறை. இன்னொன்று இடையில் வருவது: லூபஸ், ஷோக்ரன், தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சி நோய்கள். திசு நன்றாகத்தான் உருவானது; உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்குகிறது. முதலாவது முறுக்கு தளர்வாகத் திரித்த கயிறு, இரண்டாவது ஒழுங்காகத் திரித்த கயிற்றைக் கரையான் அரிப்பது. முடக்குவாதத்தையும் இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது கூட்டம் ஃபைப்ரோமயால்ஜியா. இதில் திசு சேதமாவதில்லை. வலியை உணரும் நரம்பு மண்டலத்தின் அளவுகோல் மாறிப்போயிருக்கிறது. சாதாரண அழுத்தமே வலியாகப் பதிவாகிறது. வலி நிஜம், கற்பனை இல்லை. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று வீட்டில் சொன்னால் அதை நம்பாதீர்கள்.

சில விஷயங்களுக்கு நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தளர்ந்த மூட்டும் எளிதில் கன்றிப்போகும் மெல்லிய தோலும் உள்ளவருக்கோ, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்தவருக்கோ திடீரென்று நெஞ்சிலும் முதுகிலும் கிழிப்பதுபோல் வலித்தால், அல்லது வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. ஒரே மூட்டு சூடாக வீங்கி, கூடவே காய்ச்சல் வந்தாலும் அதேதான். கண் சிவந்து வலித்து வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவர். தசை பலம் குறைந்துகொண்டே வந்து விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போட வேண்டாம். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அப்படியே.

வலியின் நேரத்தை எழுதுங்கள்

இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டு போதும். வலிக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது, எவ்வளவு நேரம் என்று எழுதினால் அதுவே பாதி கதையைச் சொல்லிவிடும்.

காலை விறைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். "காலைல பிடிச்சுக்குது" என்று எல்லோருமே சொல்வார்கள். அது போதாது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விரல் எத்தனை மணிக்குச் சரளமானது? தையல் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் இதைக் கேட்டபோது அவருக்கு மணிக்கணக்கு தெரியவில்லை. சரி, காலையில் என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். ஐந்தரைக்கு எழுந்ததும் பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கடிக்க வேண்டியிருக்கிறது, கத்தரிக்கோல் பிடிக்க வராது. பிள்ளைக்குச் சடை பின்னும்போதும் விரல் மடங்காது. ஏழரை மணி வாக்கில் ஜாக்கெட் ஊக்கு போடுகிறபோதுதான் பரவாயில்லை. இரண்டு மணி நேரம். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கையை வேலை செய்யவிட்டால் தளர்ந்து, சும்மா உட்கார்ந்தால் திரும்பவும் இறுகினால் அது அழற்சியின் நடை. முடக்குவாதமோ லூபஸோ என்று பார்க்க வேண்டிய இடம். தேய்மான மூட்டுவலியில் விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

ஃபைப்ரோமயால்ஜியாவிலும் காலையில் உடம்பு இறுக்கமாகத்தான் இருக்கும், குழப்பமே அங்கேதான். ஆனால் விரல் மூட்டு என்று குறிப்பாகக் காட்ட மாட்டார்கள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தூங்கினேனா இல்லையானே தெரியல" என்பார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அசதி போகாது. வேலை செய்தால் தளர்வதும் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படுக்கையில்.

மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்குக் கடிகாரம் தலைகீழ். காலையில் ஓரளவு நன்றாக இருப்பார்கள். நிற்க நிற்க, படி ஏற ஏற, எழுத எழுத வலி கூடும். சாயங்காலம்தான் மோசம். நடுவில் ஏதாவது மூட்டு நழுவி உள்ளே போனது மாதிரி ஒரு சுருக். சுளுக்கு வழிக்க யாரிடமோ அடிக்கடி போன பழைய கதை ஒன்று அநேகமாக எல்லோரிடமும் இருக்கும்.

முதுகுவலிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. 45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, விடியற்காலம் இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் குறைந்து, படுத்தால் கூடுகிற வலியா? அப்படியென்றால் அது டிஸ்க் இல்லாமல், முதுகெலும்பு அழற்சி நோயாக இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள். இளைஞர்களுக்கு இது வருடக்கணக்கில் டிஸ்க் என்றே பார்க்கப்படுவதுண்டு, பெல்ட் போட்டு ஓய்வெடுக்கச் சொல்லி. ஓய்வுதான் அதற்கு ஆகாது.

கையைப் பார்ப்பது

வலிக்கிறது என்பது வேறு, வீங்கியிருக்கிறது என்பது வேறு. இரண்டையும் பிரிக்க வீட்டிலேயே ஒரு வழி: இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். முஷ்டியின் எலும்பு முட்டுகளுக்கு நடுவே பள்ளம் தெரிய வேண்டும். பள்ளம் நிரம்பி மேடு மேடாகத் தெரியாமல் சமமாகிவிட்டால் அங்கே வீக்கம். தொட்டால் ரப்பர்போல் மெத்தென்று இருக்கும். அப்புறம் யாரையாவது கைகுலுக்குவதுபோல் உங்கள் உள்ளங்கையை, விரல்கள் தொடங்கும் அந்த முட்டு வரிசையின் குறுக்கே, மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். அதற்கே துள்ளிப்போனால் எழுதி வையுங்கள். முடக்குவாதம் இந்த முட்டுகளையும் நடுவிரல் கணுக்களையும் மணிக்கட்டையும் இரண்டு பக்கமும் பிடிக்கும். நகத்துக்கு அருகிலுள்ள கடைசிக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். கடைசிக் கணுவில் கெட்டியான முடிச்சு என்றால் தேய்மானத்தையும், அங்கே வீக்கத்தோடு நகத்தில் குழிகுழியாக இருந்தால் சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவாதத்தையும் நினைக்க வேண்டும்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் அழுத்தினால் கை வலிக்கும், ஆனால் பள்ளம் நிரம்பாது. அதே நபருக்கு முழங்கையின் சதையை அழுத்தினாலும், தோள்பட்டையை அழுத்தினாலும் அதே வலி. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றி இறுக்கும்போதே முகம் சுளிப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். இறுக்கமான ஜாக்கெட் கை, வளையல், பிள்ளை மடியில் ஏறி உட்காருவது, எல்லாமே வலி. மூட்டுக்கு மட்டும் உரிய வலியாக இது இருக்காது.

இங்கே ஒரு சிக்கலான இடம் உண்டு. லூபஸில் சிலருக்கு விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, முடக்குவாதம் முற்றியதுபோலவே தெரியும். ஆனால் மேஜையில் வைத்து நேராக்கினால் நேராகிவிடும், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இருக்காது. இதற்கு ஜக்கூ என்று பெயர். தசைநார் தளர்ந்ததால் வருவது. "விரல் வளையுது, அப்போ பிறவியிலேயே மூட்டுத் தளர்வுதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படியா, இரண்டு மூன்று வருடமாகவா என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களை வணக்கம் வைக்கச் சொல்லுவேன். இரண்டு உள்ளங்கையும் ஒட்டாமல் விரல்களுக்கு நடுவே சந்து விழுந்தால், அது நீண்டநாள் சர்க்கரையால் கைத்தோலும் தசைநாரும் இறுகியது. வலி அதிகம் இருக்காது, விறைப்புதான். முடக்குவாதம் என்று பயந்து வந்தவர்களுக்கு இது ஒரு நிம்மதி.

தளர்வை அளப்பது

இதற்கு பெய்ட்டன் என்ற ஒன்பது மார்க் கணக்கு இருக்கிறது. சுண்டுவிரலைப் பின்னால் தூக்கினால் 90 டிகிரிக்கு மேல் போகிறதா, ஒரு கைக்கு ஒன்று வீதம் இரண்டு. கட்டைவிரல் வளைந்து முன்னங்கையைத் தொடுகிறதா, இரண்டு. முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகிறதா, இரண்டு. முட்டியும் அப்படியே, இரண்டு. முட்டி மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுவதும் தரையில் பதிகிறதா, ஒன்று. 2017-இல் வந்த எலர்ஸ்-டான்லோஸ் வரையறைப்படி, பருவமடைந்தவர்களிலிருந்து 50 வயது வரை 5 மார்க், 50-க்கு மேல் 4, பருவமடையாத பிள்ளைகளுக்கு 6 இருந்தால்தான் பொதுவான மூட்டுத் தளர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நழுவிய மூட்டு இருந்தால் வீட்டில் வளைத்துப் பார்க்காதீர்கள்.

நம் ஊரில் இந்தக் கணக்கை ஒரு கண் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஐரோப்பியர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மூட்டு இயல்பாகவே கூடுதலாக வளையும். சின்ன வயதிலிருந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்களுக்கும், யோகா, பரதம் பழகியவர்களுக்கும் கடைசி மார்க் பயிற்சியாலேயே வந்துவிடும். ஆகவே வெறும் மார்க்கை வைத்து நோய் என்று பயப்பட வேண்டாம். வளைகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது.

மார்க் குறைவாக இருந்தால் தளர்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. வயது ஏற ஏற மூட்டு இறுகும். வருடக்கணக்கில் வலித்த மூட்டைச் சுற்றி தசை காவல் போட்டுவிடும். அதனால் பழங்கதை முக்கியம்: முன்பு எப்போதாவது உள்ளங்கை தரையில் பட்டதா, கட்டைவிரல் முன்னங்கையைத் தொட்டதா, பள்ளியில் உடம்பை வளைத்து வேடிக்கை காட்டியதுண்டா, சிறு வயதில் தோளோ முட்டிச் சில்லோ ஒரு தடவைக்கு மேல் நழுவியதா, நம் மூட்டு மற்றவர்களைவிட அதிகமாக வளைகிறது என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறதா. ஐந்தில் இரண்டுக்கு ஆம் என்றாலே கவனிக்க வேண்டும்.

அப்புறம் மூட்டை விட்டு வெளியே பாருங்கள். தோல் வெல்வெட்போல் மிருதுவா? குண்டாகாமலும் பிள்ளை பெறாமலும் முதுகிலோ தொடையிலோ வரிவரியாகத் தழும்பா? காயத்தின் வடு சிகரெட் தாள்போல் மெலிந்து சுருங்கியிருக்கிறதா? நிற்கும்போது குதிகாலின் ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் பிதுங்குகின்றனவா? குடல் இறக்கம், அடி இறங்குதல் (கருப்பை கீழே இறங்குவது) குடும்பத்தில் உண்டா? சுவரில் சாய்ந்து இரண்டு கையையும் விரித்து நடுவிரல் முனையிலிருந்து முனைவரை டேப்பில் அளந்து பாருங்கள். உயரத்தை 1.05-ஆல் பெருக்கி வரும் எண்ணை எட்டினால் குறித்துக்கொள்ளுங்கள், 160 செ.மீ. உயரத்துக்கு 168. கூடவே, ஒரு கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மறுகை மணிக்கட்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், கண்ணில் லென்ஸ் விலகியிருந்தால், மார்ஃபான் இருக்கிறதா என்று பார்க்க இதய எக்கோ கட்டாயம்.

2017 பட்டியலில் எலர்ஸ்-டான்லோஸ் 13 வகை. அதிகம் காணப்படும் தளர்மூட்டு வகைக்கு மட்டும் இன்னும் ஜீன் பிடிபடவில்லை, ஆகவே அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. கையால் பார்த்து, கதை கேட்டு, மற்றதையெல்லாம் விலக்கித்தான் சொல்ல முடியும். ரத்தக்குழாய் வகைக்கு ஜீன் பரிசோதனை இருக்கிறது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் ரத்தக்குழாயோ குடலோ வெடித்து இறந்திருந்தால் அதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

லூபஸும் அதன் உறவுகளும் விட்டுச்செல்லும் தடயங்கள்

வலியை மட்டும் பார்த்தால் இவற்றைத் தவற விட்டுவிடுவோம். வெயிலில் போனால் கன்னத்திலும் மூக்கின் மேலும் தடிப்பு வருகிறதா, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் அது விட்டுவிடுகிறதா? நம் நிறத்தில் இது சிவப்பாகத் தெரியாது, கருத்தோ ஊதாவாகவோ தெரியும். மங்கு என்று நினைத்துக் கிரீம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மங்கு தட்டையாக இருக்கும், மேலுதட்டிலும் நெற்றியிலும் கூட வரும், காய்ச்சலோ மூட்டு வீக்கமோ கூட வராது. வலிக்காத வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்வு, நுரைக்கும் சிறுநீர், கால் வீக்கம் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை மலிவு. லூபஸ் சந்தேகம் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஃபிரீசரிலிருந்து எதையாவது எடுக்கும்போதோ ஏசி பஸ்ஸிலோ விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது ரேனோ. தனியாகவும் வரலாம், ஸ்கிளீரோடெர்மாவின் முதல் குரலாகவும் வரலாம். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்றால் ஷோக்ரனாக இருக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஃபைப்ரோமயால்ஜியாவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரையே வாயை உலர்த்தும். உலர்வு மாத்திரைக்கு முன்பா பின்பா?

வலியையும் பலவீனத்தையும் பிரித்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, தலை சீவக் கை மேலே நிற்கிறதா? வலிக்கிறது ஆனாலும் எழுகிறேன் என்பது ஒன்று. வலியே இல்லை, எழத்தான் முடியவில்லை என்பது தசை அழற்சியாக இருக்கலாம், தசை சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய விஷயம். கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையும் தசைவலி தரும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்று அழுதுகொண்டு வருகிறார்கள். ஆரோக்கியமானவர்களிடம் எடுத்துப் பார்த்ததிலேயே 1:40 அளவில் (ரத்தத்தை நாற்பது மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது) நூற்றில் 30-க்கு மேல், 1:80-இல் 13 பேருக்கு, 1:160-இல் 5 பேருக்கு அது பாசிட்டிவாக வந்தது. லூபஸுக்கு ஏஎன்ஏ நுழைவாசல் மட்டும்தான். 2019 வரையறைப்படி 1:80 இருந்தால் உள்ளே வந்து மற்ற அடையாளங்களைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டரும் அப்படித்தான். வயதானவர்களுக்கும் நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரும். ஆன்ட்டி சிசிபி அதைவிட நம்பகமானது. அழற்சியின் அளவைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டில், ஈஎஸ்ஆர் ரத்தசோகையிலேயே ஏறிவிடும், நம் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது? லூபஸில் ஈஎஸ்ஆர் ஏறியும் சிஆர்பி நார்மலாகவும் இருக்கலாம். ஃபைப்ரோமயால்ஜியாவில் இரண்டுமே நார்மல். மூட்டுத் தளர்விலும் அப்படியே. அந்த இரண்டையும் லேப் பிரித்துத் தராது.

பெரிய பரிசோதனைகளுக்கு முன் சின்னவை முடியட்டும்: டிஎஸ்எச் (தைராய்டு), வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீர். வைட்டமின் டி வெகுவாகக் குறைந்து எலும்பு மென்மையாகிவிட்டால் உடம்பெல்லாம் வலிக்கும், கணைக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கும், மாடிப்படி ஏற முடியாது, நடை ஆடி ஆடி வரும். அதை ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதிவிட்டால் எளிதாகச் சரியாகும் ஒரு நோயாளி வருடங்களை இழக்கிறார். சிக்குன்குன்யா வந்தவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டு வீக்கம் தங்கும், முடக்குவாதம்போலவே. அந்தக் காய்ச்சல் வந்த தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஸ்டீராய்டு. "ஒரு ஊசி போட்டார், பறந்துட்டேன் மேடம்" என்பார்கள். பெயர் தெரியாத பொடி, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நன்றாக இருந்ததாகவும் சொல்வார்கள், அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அழற்சி வலி அதில் சட்டென்று அடங்கும், வீக்கம் வற்றும், பரிசோதனை எண்களும் இறங்கிவிடும். அப்புறம் மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? ஃபைப்ரோமயால்ஜியா ஸ்டீராய்டுக்குக் கேட்பதில்லை, தளர்வும் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நாள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சேர்ந்து இருக்கும்போது

முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர். வீக்கம் வற்றிவிட்டது, சிஆர்பி நார்மல், முஷ்டியில் பள்ளம் தெரிகிறது. ஆனாலும் கழுத்திலிருந்து பாதம்வரை வலி, தூக்கமில்லை, யோசனை மந்தம். இது முடக்குவாதம் அடங்காததா, இரண்டாவது வலியா? இங்கே முடக்குவாத மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் பக்கவிளைவுதான் மிஞ்சும். தூக்கம், மெல்லக் கூட்டும் நடை, வலி நரம்புக்கான மருந்து என்று வேறு பக்கம் திரும்ப வேண்டும். மறுபுறம், ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் வாங்கியவருக்குப் புதிதாக ஒரு மணிக்கட்டு வீங்கினால், அதையும் பழைய பெயரின் கீழ் தள்ளக் கூடாது. புதிய வீக்கம், புதிய தடிப்பு, காய்ச்சல், எடை குறைவு எதுவும் ஃபைப்ரோமயால்ஜியா தருவதில்லை.

பரதம் பயின்ற ஒரு கல்லூரி மாணவி. இடுப்பு வலி. வலிக்க வலிக்க இன்னும் நன்றாக நீட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். நீட்டினால் அந்த நிமிடம் சுகம், ராத்திரி நரகம். நேராக நிற்கச் சொன்னேன், முட்டி இரண்டும் வில்போல் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டன. பெய்ட்டன் 7. இடுப்பில் வலி தளர்வினுடையது. ஆனால் தோள், கழுத்து, தொடை என்று தொட்ட இடமெல்லாம் வலித்தது, தூங்கி எழுந்தால் அசதி, இது பின்னால் வந்து சேர்ந்தது. நீட்டுவதை நிறுத்தி, முட்டியைப் பூட்டாமல் நிற்கப் பழக்கி, அரைமண்டியை ஆழம் குறைத்துப் பிடித்து நிற்கச் செய்து பலப்படுத்தினோம். இடுப்பு முதலில் அடங்கியது. பரவிய வலிக்குத் தூக்கத்தைச் சரிசெய்யவும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் பல மாதம் பிடித்தது. நின்றால் படபடப்பும் தலைச்சுற்றும் வேறு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள்ளும் நாடி எண்ணிப் பாருங்கள்; நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி நின்றால் (பதின்வயதில் 40) அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரித்துப் பார்க்கச் சொல்வதற்கு என் தொழில் சார்ந்த காரணம் இதுதான்: உடற்பயிற்சி ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர். முதுகெலும்பு அழற்சிக்கு நீட்டி வளைப்பது அமிர்தம், தளர்ந்த மூட்டுக்கு விஷம். முடக்குவாதம் கொதிக்கிற வாரத்தில் அந்த மூட்டுக்கு ஓய்வு, ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு முழு ஓய்வே கெடுதல். "எல்லோருக்கும் ஒரே பத்து ஆசனம்" என்று எழுதித் தருவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

மருத்துவரிடம் போகும்போது

வீக்கத்துக்கும் தடிப்புக்கும், மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரான ருமட்டாலஜிஸ்டிடம் போங்கள், எலும்பு மருத்துவரிடம் அலைய வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித்துறை உண்டு. வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்த நோய்களுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பிறவி வகை சந்தேகம் என்றால் மரபணு மருத்துவம் உள்ள இடம் வேண்டும், சிஎம்சியில் அது இருக்கிறது.

வீக்கமும் தடிப்பும் நாம் போகிற அன்றைக்கு ஒளிந்துகொள்ளும். வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுங்கள், இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. ஃபைலைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். உள்ளே போனதும் பழைய பெயர்களை முதலில் சொல்லாதீர்கள். "எனக்கு இரண்டு வகை வலி இருக்கு சார். விரல்ல வர்றது காலைல ரெண்டு மணி நேரம், வீங்குது. மற்றது உடம்பு முழுக்க, நாள் முழுக்க, தூக்கமில்லாதப்போ கூடுது" என்று ஆரம்பியுங்கள். உங்கள் வாயால் பிரித்துச் சொன்னால் அவரும் பிரித்துத்தான் பார்ப்பார்.

முதல் தடவையிலேயே பெயர் கிடைக்காமல் போகலாம். இணைப்புத் திசு நோயின் சாயல் இருக்கிறது, எந்த வகை என்று சொல்ல முடியவில்லை என்று எழுதித் தருவார்கள். பலருக்கு அது அப்படியே நின்றுவிடும், சிலருக்குச் சில வருடத்தில் முகம் காட்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப் பரிசோதனையோடு போங்கள். ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்ப எடுத்துச் செலவழிக்கத் தேவையில்லை.